ஐந்துக்குக் குறைந்தவர்கள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லட்ரீஸ் வான் என் அறைக்குள் வந்தாள். வந்ததும் கதவைச் சாத்தினாள். எங்கள் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பேராசிரியர்கள் கதவைச் சாத்துவதில்லை. எங்களில் இரண்டு பேர் உள்ளே இருந்து கதவு மூடியிருந்தால், யாராவது சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, என்ன கூட்டம் நடக்கிறது என்று கேட்பார்கள். கேட்பது வேடிக்கைக்குத்தான். ஆனால் அந்த வேடிக்கைக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இருபத்திரண்டு வருடமாக என் கதவுக்கடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருக்கிறேன். லட்ரீஸ் அந்தக் கட்டையைக் காலால் தள்ளிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

“மிஸ் கார்லிஸ், முப்பத்தோராம் பக்கம்” என்றாள். “இது நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.”

அவள் கையில் இருந்தது நான் எழுதிய அறிக்கை. பல்கலைக்கழகத்தை எல்லோருக்கும் நியாயமான இடமாக்க என்ன செய்யலாம் என்று ஆராய, தலைவர் ஒரு குழு போட்டிருந்தார். பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் குழுவை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இப்படிப்பட்ட குழுக்கள் எப்போதும் எங்களில் ஒருவர் தலையில்தான் விழும். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். முதல் வேலையாகக் கறுப்பினப் பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும், பெயர் கேட்காத கேள்வித்தாள் ஒன்றை அனுப்பினேன். தொள்ளாயிரம் ஆசிரியர்களில் நாங்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் பதில் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வரைவைக் குழுவுக்கு அனுப்பினேன். அந்தப் பெருமையில், ‘உங்கள் குரல் இதில் இருக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்து அந்தப் பத்தொன்பது பேருக்கும் அனுப்பிவைத்தேன்.

முப்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘ஆறு வருடத்தில் பதினோரு குழுக்களில் என்னைப் போட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் என் முகம் தேவைப்பட்டது. இப்போது என் வேலையை நிரந்தரமாக்கும் நேரம் வந்ததும், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதியவரும், என்னை ஒன்பது குழுக்களில் போட்டவரும் ஒரே ஆள்தான்.’ அதற்குக் கீழே சாய்வெழுத்தில், நான் என் கையால் தட்டச்சு செய்த வரி: ‘கறுப்பினப் பெண், உதவிப் பேராசிரியர், சிவில் பொறியியல்.’

சிவில் பொறியியலில் கறுப்பினப் பெண் ஒருத்திதான். பொறியியல் கல்லூரி முழுவதற்குமே ஒருத்திதான். அவள் படம் அப்போது வளாகத்தின் விளக்குக் கம்பங்களில் எல்லாம் துணிப் பதாகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய மாணவர்கள் கால்பந்து ஆட்டம் பார்க்க ஊர் திரும்பும் வாரம். மஞ்சள் தலைக்கவசம் போட்டு, பல் தெரியச் சிரிக்கும் லட்ரீஸைத் தாண்டாமல் யாராலும் வண்டியை நிறுத்த முடியாது.

இதற்கென்று ஒரு விதி இருக்கிறது. அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், அந்த எண்ணை வெளியிடக் கூடாது. நட்சத்திரக் குறி போட வேண்டும். இல்லாவிட்டால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் வருட மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது இது. மறந்தால் மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்வேன். பிறகு நான் எப்படி மறந்தேன்? பத்தொன்பது என்ற எண்ணைக் கண்ட சந்தோஷம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே தாளில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. பத்தொன்பது எனக்கு ஒரு கூட்டமாகத் தெரிந்துவிட்டது. லட்ரீஸின் பதிலைப் படித்தபோதே இது லட்ரீஸ் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்கும் தெரியும் என்பது மட்டும் ஏனோ உறைக்கவில்லை.

“ஸ்ட்ரவுட் உங்க குழுவுல இருக்காரு” என்றாள் லட்ரீஸ். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “என் வேலைய நிரந்தரமாக்கலாமான்னு வியாழக்கிழமை துறையில ஓட்டு. பதினாலு பேர். அதுல அவரு சொன்னா கை தூக்கறவங்க எட்டு பேர்.”

காரெட் ஸ்ட்ரவுட் அவள் துறையின் மூத்த பேராசிரியர். அவளை ஒன்பது குழுக்களில் போட்டவர். ஓட்டு அவளுக்கு எதிராகப் போனால் அடுத்த கோடையோடு வேலை முடிந்தது. ஆறு வருட உழைப்பு, அவளை நம்பி வந்த மூன்று ஆராய்ச்சி மாணவர்கள், மண் அரிப்பைப் பற்றி ஆற்றங்கரையில் அவள் புதைத்து வைத்திருக்கும் கருவிகள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் யாராவது கூப்பிட்டால்தான்.

“அவர் படிச்சிருக்க மாட்டாரும்மா” என்றேன். “தொண்ணூறு பக்கம். குழுவுல பாதிப் பேர் முன்னுரையத் தாண்ட மாட்டாங்க. இறுதி அறிக்கை புதன்கிழமைதான் போகுது. இப்பவே எடுத்துடறேன்.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினியில் அந்த விதியைப் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பொறியியலில் ஒன்று, நட்சத்திரமாயிற்று. சட்டத்தில் இரண்டு, நட்சத்திரம். வேதியியலில் ஒன்று, வரலாற்றில் மூன்று, செவிலியர் கல்லூரியில் நான்கு, எல்லாம் நட்சத்திரம். எந்தத் துறையிலும் நாங்கள் ஐந்து பேர் இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். எங்களைக் காப்பாற்றும் விதியைப் போட்டதும் எங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ‘கறுப்பினத்தவர் ஒருவரை மட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள், இருவராக எடுங்கள்’ என்று ஏழு பேர் ஏழு விதமாக எழுதியிருந்தார்கள். அதுதான் அறிக்கையின் முதல் பரிந்துரை. அதற்கு ஆதாரமாக நான் போட்டிருந்த அட்டவணையில் இப்போது காட்டுவதற்கு எதுவும் இல்லை.

லட்ரீஸ் திரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வரைவைத்தான் திரும்பவும் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பொறியாளர், எதையும் எண்ணிப் பார்க்கிறவள். சற்று நேரம் கழித்து, “மிஸ் கார்லிஸ், பத்தொன்பது பேர் எழுதியிருக்கோம். பதினெட்டு பேருக்கு வீட்டு விலாசம் மாதிரி முழுசா போட்டிருக்கீங்க. என்ன துறை, ஆணா பெண்ணா, என்ன பதவி. நாப்பத்திநாலாம் பக்கத்துல இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் ‘மூத்த ஆசிரியர் ஒருவர்’னு இருக்கு. துறை இல்ல. ஆணா பெண்ணா இல்ல. கறுப்பினம்ங்கிற வார்த்தைகூட இல்ல” என்றாள்.



“விலாசம் எழுதினது யாரு?” என்று கேட்டாள். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்தாள், குனிந்து மரக்கட்டையை எடுத்துப் பழையபடி செருகிவிட்டுப் போனாள். அந்த மரியாதைதான் எனக்கு வலித்தது. கதவை அறைந்துவிட்டுப் போயிருக்கலாம்.

நாற்பத்திநாலாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை எப்போது தட்டச்சு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், சத்தியமாக நினைவில்லை. விதியை நான் மறக்கவே இல்லை. என் விஷயத்தில் அது தானாக நினைவுக்கு வந்து, தானாக வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது. மற்ற பதினெட்டு பேருக்குத்தான் மறந்திருக்கிறது. பயம் இவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

வரலாற்றுத் துறையில் இருக்கும் ஏமஸ் டீக்கிடம் போய்ச் சொன்னேன். எங்களில் வயதில் மூத்தவர். எதற்கும் சிரிப்பார். அவருடைய மாடியில் ‘சமத்துவ அலுவலகம்’ என்று ஒன்று இருந்தது. மேலிடத்துக்கு அந்தப் பெயர் கசந்ததால் பலகையை மாற்றி ‘மாணவர் வெற்றி மையம்’ ஆக்கினார்கள். உள்ளே அதே மூன்று நாற்காலிகள்தான். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஏமஸ் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பார். அன்றும் முதலில் சிரித்தார்.

“எங்க எல்லாரையும் மழையில நிக்க வச்சிட்டு உனக்கு மட்டும் குடை பிடிச்சிக்கிட்டியா, தங்கச்சி?” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எனக்கென்ன, ரெண்டு வருஷத்துல வீட்டுக்குப் போறவன். ஆனா அந்தப் பொண்ணு… ஸ்ட்ரவுட் படிச்சிருப்பானா?” என்றார்.

“தெரியல.”

“அவன் எல்லாத்தையும் படிப்பான்” என்றார் ஏமஸ். சொன்னவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியம் உணவகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். பொரித்த கெளுத்தி மீன் போடும் நாள்; வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. “கார்லிஸ்” என்று முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஒரு குரல். திரும்பாமலே தெரிந்துவிட்டது. ஸ்ட்ரவுட் ஒருநாளும் சத்தமாகப் பேச மாட்டார். பெண்களுக்குக் கதவைத் திறந்து பிடிப்பார். என் அம்மா இறந்தபோது கைப்பட எழுதி இரங்கல் அட்டை அனுப்பிய மூன்று பேரில் அவரும் ஒருவர்.

“அறிக்கை பிரமாதம்” என்றார். “வெள்ளிக்கிழமையே உக்காந்து படிச்சிட்டேன். கீழ வைக்க முடியல.”

“அது வரைவுதான். இன்னும் திருத்தம் இருக்கு.”

“ஐயோ, திருத்திடாதீங்க. முப்பத்தோராம் பக்கத்துல ஒரு பொண்ணு பதினோரு குழுன்னு எழுதியிருக்காளே. மனசத் தொட்டிருச்சு. என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். ‘யாரு இந்தப் பொண்ணு, பாவம்’னு கேட்டா.” சோள ரொட்டிக் கூடையிலிருந்து ஒன்றைத் தன் தட்டில் வைத்தார். இன்னொன்றை எடுத்து என் தட்டிலும் வைத்தார். “எனக்கு எப்படித் தெரியும்னு சொன்னேன். பேர் போடாத அறிக்கையாச்சே.”

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரிப்பு மட்டும், எப்போதும் இருக்கும் அதே அளவில் இருந்தது. இது மிரட்டலா, குற்ற உணர்ச்சியா, வெறும் பேச்சா? மனிதர்களின் பதில்களை எடை போடுவதுதான் என் தொழில். முப்பது வருடப் படிப்பு அந்த வரிசையில் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. மீனைத் தொடாமல் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை காலை லட்ரீஸ் மறுபடியும் வந்தாள். இம்முறை கதவைச் சாத்தவில்லை. ஸ்ட்ரவுட் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ரொட்டியைப் பற்றிச் சொன்னபோது மூக்கால் ஒருமுறை சிரித்தாள்.

“அப்போ எடுத்தாலும் தெரியும், வச்சாலும் தெரியும்” என்றாள்.

“நீ என்ன சொல்றியோ அப்படியே செய்யறேன். அதுக்கு முன்னால இதப் படி” என்று நாற்பத்திநாலாம் பக்கத்தின் புதுப் பிரதியை நீட்டினேன். வாசகம் பழையதுதான். ‘வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில், கறுப்பின விண்ணப்பதாரர் வந்தால் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். இருமுறை, வந்தவர் தகுதியானவர் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சொந்த ஆளுக்குப் பரிந்து பேசுவதாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இருமுறையும் அவர்களை எடுக்கவில்லை.’ கீழே ‘மூத்த ஆசிரியர் ஒருவர்’ என்றிருந்த இடத்தில் ‘கார்லிஸ் மேப்ரி, பேராசிரியர்’ என்று போட்டிருந்தேன்.

அதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

“உங்களுக்கென்ன, உங்க வேலை நிரந்தரம்” என்றாள். “யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“அவங்க பண்ண முடியாது. நம்ம ஆளுங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான் தெரியல.”

“எப்ப நடந்தது இது?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆறு வருடமாக அவளை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் போலும். அவளுடைய குழு வேலைகளில் பாதியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன் போலும். “ஒண்ணு பதிமூணு வருஷத்துக்கு முன்னால” என்றேன். “இன்னொண்ணு, உன்னை எடுத்த வருஷம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைசியில நீயும் நம்ம பொண்ணு இன்னொருத்தியும் இருந்தீங்க. ரெண்டு இடம் காலியா இருந்தது. ரெண்டு பேரையும் எடுத்துக்கலாம்னு துறைத் தலைவரே வாய்விட்டுச் சொன்னார். ஸ்ட்ரவுட் என்னைப் பார்த்து, ‘கார்லிஸ் என்ன நினைக்கிறாங்க’ன்னு கேட்டார். நான்… ‘அது துறை முடிவு செய்ய வேண்டியது’ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.”

“ரெனீட்டா” என்றாள் லட்ரீஸ்.

“உனக்குத் தெரியுமா?”

“ஒரே ஓட்டல்ல தங்க வச்சிருந்தாங்க. லிஃப்ட்ல பார்த்தோம். அவ காலுறை கிழிஞ்சிருந்தது. எங்கிட்ட இருந்த உபரி ஜோடியக் குடுத்தேன். ரெண்டு பேருக்கும் கிடைச்சா பக்கத்துப் பக்கத்து வீடா பிடிக்கலாம்னு சிரிச்சோம்.” ஜன்னலுக்கு வெளியே கம்பத்தில் தொங்கும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “ரெண்டு பேரா இருந்திருந்தா…”

இரண்டு பேர் இருந்திருந்தால் பதினோரு குழுவில் பாதி ரெனீட்டாவுக்குப் போயிருக்கும். ‘கறுப்பினப் பெண், சிவில் பொறியியல்’ என்றால் யார் என்று யோசிக்க ஒரு நொடியாவது ஆகியிருக்கும். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்தச் சொல் அதற்குப் போதாது.

“என்னோடதையும் வச்சிடுங்க” என்றாள் கடைசியில். “ஆனா அந்த விலாசத்த எடுத்துட்டு பேரப் போடுங்க.”

“லட்ரீஸ், வேணாம். யோசிச்சுச் செய்.”

“மூணு நாளா அதத்தான் செய்யறேன். பேர் இல்லாம இருந்தா, எனக்குத் தெரியவே தெரியாதேன்னு சொல்லிக்கிட்டே அடிப்பாரு. பேர் போட்டு, ஓட்டுக்கு முன்னாலயே, நேத்து தேதியில தலைவர் மேசைக்குப் போயிருந்தா, அடிக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிப்பாரு. ஒரு நிமிஷம் போதும். போதுமான்னு தெரியல. ஆனா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

“தேதி இன்னைக்குத்தான் போட முடியும்” என்றேன். அந்த நேரத்திலும் என் புத்தி அதில்தான் இருந்தது.

“இன்னைக்கே போடுங்க.”

‘லட்ரீஸ் வான்’ என்று தட்டச்சு செய்தேன். இரண்டு முறை எழுத்து தப்பாக விழுந்தது. மற்ற பதினேழு பேருக்கும் துறையையும் பதவியையும் அழித்துவிட்டு, ‘பத்தொன்பது பேரில் ஒருவர்’ என்று போட்டேன். ஏமஸ் மட்டும் தொலைபேசியில், ‘என் பேரையும் போடு, கொட்டை எழுத்துல போடு’ என்றார். பதினோரு மணிக்கு அறிக்கை போயிற்று. அனுப்பும் பொத்தானை லட்ரீஸ்தான் அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தலைவரிடமிருந்து அன்று முழுக்கப் பதில் இல்லை. குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. “வண்டியில இருக்கேன். வர்றீங்களா? உங்க மேல கோவம் போகல. ஆனா தனியா உக்கார முடியல.”

பொறியியல் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தில் அவள் வண்டி நின்றது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அக்டோபர் பாதி போயும் வெயில் குறையவில்லை. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள். பழைய மாணவர்களின் கார்கள் கொடி கட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போயின. எங்கோ வாத்தியக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே கம்பத்தில் அவள் படம் காற்றில் படபடத்தது. துணியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் குறுகியது.

மூன்றாவது மாடியில், இடமிருந்து நான்காவது ஜன்னல்தான் ஓட்டெடுப்பு அறை. அந்தத் துறையில் ஓட்டெடுப்பு தொடங்கியதும் திரையை இறக்கிவிடுவார்கள், முடிந்ததும் ஏற்றுவார்கள். யாருக்காக ஓட்டுப் போடுகிறார்களோ அந்த ஆள் கீழே நின்று முகங்களைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக எந்தக் காலத்திலோ ஏற்பட்ட வழக்கம். திரை நான்கு மணிக்கு இறங்கியது. வழக்கமாக இருபது நிமிடம் ஆகும் என்றாள். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. நேரம் கூடுவது நல்லதா கெட்டதா என்று என் மனம் கணக்குப் போட்டுப் போட்டுத் தோற்றது. யாரோ அவளுக்காகப் பேசுகிறார்கள் என்றால் நேரம் ஆகும். யாரோ எதிராகப் பேசினாலும் ஆகும். எல்லோரும், ‘அது துறை முடிவு செய்ய வேண்டியது’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஆகும்.

ஐந்தேகாலுக்குத் திரை ஏறியது.

ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை முடி, நீலச் சட்டை. ஸ்ட்ரவுட்தான். கீழே பார்த்தார். எங்கள் வண்டியைத்தான் பார்க்கிறாரா, கம்பத்தில் ஆடும் முகத்தைப் பார்க்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. இறங்கும் சூரியன் நேராக அந்தக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாகக் கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். வெயிலுக்கு மறைப்பா, எங்களுக்கு வணக்கமா?

பக்கத்தில் லட்ரீஸின் கை, அவள் அறியாமலே மடியிலிருந்து எழுந்தது. பாதி தூரம் போய், அங்கேயே நின்றது.